இருட்டு வாசல் வழியே ஓர் ஒளி

1981-ல் அமெரிக்க இயற்பியலர் கார்ல்டன் கேவ்ஸ் எழுதிய கட்டுரையில் அமுக்கிய ஒளி வெறும் கணக்கு. ஈர்ப்பலையைத் தேடும் கருவியில் லேசர் இரண்டாகப் பிரிந்து, இரு நீண்ட குழாய்களில் ஓடி, கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும். வெளியேறும் வாசல் ஏறக்குறைய இருட்டாகவே இருக்கும். வெற்றிடத்தின் குவாண்டம் நடுக்கம் அந்த இருட்டு வாசல் வழியாகத்தான் புகுந்து அளவைக் கெடுக்கிறது என்று காட்டிய கேவ்ஸ், நடுக்கத்தை அமுக்கி அனுப்பச் சொன்னார். பலூனைப் போலத்தான்: ஒருபுறம் அமுக்கினால் மறுபுறம் பிதுங்கும். அளவீட்டுக்கு வேண்டிய பக்கம் ஒடுங்கினால் போதும்.

1985-ல் பெல் ஆய்வகத்தில் சோடியம் அணுக்களிடையே அமுக்கிய ஒளி முதன்முதலில் பிறந்தது. பிறகு படிகங்களுக்கு இடம் மாறியது. பச்சை லேசர் படிகத்துக்குள் போகும். ஒரு பச்சை ஃபோட்டான் இரண்டு அகச்சிவப்பு ஃபோட்டான்களாக உடையும். அந்த இரட்டையரின் பிணைப்புதான் நடுக்கத்தை ஒடுக்குகிறது. வெளிவரும் கற்றையில் ஒளி என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. வெற்றிடந்தான், ஆனால் ஒழுங்குபட்ட வெற்றிடம்.

அதன் பரம எதிரி இழப்பு. வழியிலுள்ள ஒவ்வொரு கண்ணாடியும் வில்லையும் துளி ஒளியைத் தின்னும். தின்ற இடத்தைச் சாதாரண வெற்றிட நடுக்கம் நிரப்பிவிடும். 2016-ல் ஹனோவர் ஆய்வக மேசையில் 15 டெசிபல், அதாவது இரைச்சலை முப்பதில் ஒரு பங்காக்கும் அமுக்கம் கிடைத்தது. 2019-ல் அமெரிக்காவின் லைகோ ஈர்ப்பலைக் கருவிகளில் கடைசிவரை பிழைத்தது 3 டெசிபலுக்கும் குறைவு. அந்தக் கொஞ்சமே கண்டுபிடிப்பு வேகத்தை 40 முதல் 50 சதவீதம் உயர்த்தியது.

இந்தப் பயணத்தில் உரிய புகழ் கிடைக்காதது, என் பார்வையில், ஹனோவர் அருகேயுள்ள ஜியோ600. லைகோவின் குழாய்கள் 4 கிலோமீட்டர்; இதனுடையவை 600 மீட்டர். 2015-ல் முதல் ஈர்ப்பலையைப் பிடித்த பெருமை லைகோவுக்குப் போனது. ஆனால் அமுக்கிய ஒளியை 2010-லேயே ஈர்ப்பலைக் கருவிக்குள் செலுத்தி, ஆண்டுக்கணக்கில் ஓட்டிக் காட்டியது இந்தச் சிறிய கருவிதான்.

பிதுங்கிய பக்கமும் சும்மா இருக்கவில்லை. அதன் நடுக்கம் லைகோவின் 40 கிலோ கண்ணாடிகளையே நெட்டித்தள்ளுவதை 2020-ல் அளந்தார்கள். தாழ்ந்த அதிர்வெண்களில் இது தொல்லை. அதனால் கற்றையை முதலில் 300 மீட்டர் நீள வடிகட்டிக் குழாய்க்குள் விட்டார்கள். அமுக்கும் திசை அங்கே அதிர்வெண்ணுக்கேற்பத் திரும்பும்: உயர்ந்தவற்றில் ஒரு பக்கம், தாழ்ந்தவற்றில் மறுபக்கம். 2023 மே மாதம் தொடங்கிய நான்காம் கட்ட நோக்கலில் லைகோவின் இரு கருவிகளும் இந்த ஏற்பாட்டோடுதான் இறங்கின.