மொச்சையும் ராஜ்மாவும்: எது நம்மூர், எது வெளியூர்?

வடக்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "ராஜ்மா அவங்க சாப்பாடு, மொச்சை நம்ம சாப்பாடு." டேராடூனுக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் ராஜ்மா சாவல் என்றால் தட்டோடு ஓடி வருகிறார்கள், மொச்சைக் குழம்பு என்றால் முகத்தைத் திருப்புகிறார்கள். பெரியவர்களுக்கு அதில் ஒரு மனத்தாங்கல்.

வணிகவியல் படித்துவிட்டு வங்கியில் பேரேடு பார்க்கிறவனுக்கு வரலாற்றில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எந்தக் கணக்கானாலும் தொடக்க இருப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது எங்கள் தொழில் புத்தி. பயறு வகைகளின் தொடக்க இருப்பைப் பார்த்தால் சுவாரசியமான சங்கதிகள் கிடைக்கின்றன.

முதலில் கொள்ளு. இது அசல் நம்ம பக்கத்துச் சரக்கு. கர்நாடகத்தில் பெல்லாரிக்குப் பக்கத்தில் சங்கனகல்லு என்று ஒரு புதிய கற்கால ஊர். அங்கே தோண்டிய மண்ணில் சுமார் 3,500 ஆண்டுகளுக்கும் முந்தைய கருகிய தானியங்கள் கிடைத்திருக்கின்றன. கொள்ளு, பச்சைப்பயறு, சிறுதானியங்கள். நெல் தென்னாட்டில் பரவுவதற்கு முன் நம் முன்னோர் இதைத்தான் தின்று வளர்ந்திருக்கிறார்கள். துவரையும் இந்தியப் பயிர்தான். அதன் காட்டு உறவு இன்றும் ஒடிசா, பஸ்தர் பக்கத்துக் காடுகளில் வளர்கிறது.

இனி மொச்சை. இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு சின்ன அதிர்ச்சி. மொச்சையும் அவரையும் தாவர இயலில் ஒரே இனம். அந்த இனத்தின் காட்டு மூதாதை இருப்பது ஆப்பிரிக்காவில்! தட்டைப்பயறும் அப்படியே, ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். இரண்டும் கி.மு. இரண்டாம் ஆயிரத்திலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டன. ஆக, "நம்ம மொச்சை" என்பது மூவாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன் குடியேறிய குடும்பம்.

குடியேறியது சும்மா இருக்கவில்லை. தினை அரிந்த தாளில் அவரைக் கொடி படர்ந்து பனிக்காலத்தில் பூப்பதை ஒரு குறுந்தொகைப் பாட்டு சொல்கிறது. தானியத்தோடு கொடிப்பயறு, அதுவும் முன்பனிக் காலத்தில் பூ. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கேழ்வரகுக் கொல்லையில் ஊடே மொச்சை விதைக்கிறார்களே, அதே முறை. எங்கள் ஊர்க் கொல்லையிலும் அப்படித்தான் இருந்தது. கேழ்வரகை அறுத்த பிறகு மொச்சை தனியாக நின்று பூக்கும்.

அது ஏன் பனிக்காலத்தில் பூக்கிறது? பழைய அவரை, மொச்சை ரகங்களுக்குப் பகல் நேரம் சுருங்கினால்தான் பூ வரும். ஆடியில் போட்டாலும், அதற்கு முன்னாலேயே போட்டாலும், அது காத்திருந்து கார்த்திகை, மார்கழி வாக்கில்தான் பூக்கும். அதனால்தான் பொங்கல் குழம்பில் பச்சை மொச்சை. இந்த வழக்கத்தை மாற்றி எந்தப் பருவத்திலும் காய்க்கிற மாதிரி பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தார் கொண்டுவந்ததுதான் ஹெப்பாள் அவரை. விவசாயிக்கு லாபம், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு வைத்திருந்த பழைய விதைக்கு அப்புறம் மவுசு குறைந்தது.

இப்போது ராஜ்மா. 1753ல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் பெயர் வைத்துப் புத்தகம் போட்டபோது, ராஜ்மா இனத்துக்குச் சொந்த ஊர் 'இந்தியா' என்று எழுதிவிட்டார். ஐரோப்பாவில் அது ஆசியப் பயிர் என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1874-75ல் பெரு நாட்டில் அன்கோன் என்ற கடலோர ஊரில் பழைய கல்லறைகளைத் தோண்டினார்கள். இறந்தவர்களோடு வைத்த உணவில் இந்தப் பயறு இருந்தது. ஜெர்மன் தாவரவியலாளர் விட்மாக் அதைப் பரிசோதித்துச் சொன்ன பிறகுதான் கணக்கு நேரானது. மெக்சிகோ பக்கம் ஒரு தடவை, ஆண்டீஸ் மலைப்பக்கம் ஒரு தடவை என்று அமெரிக்கக் கண்டத்தில் இரண்டு இடங்களில் தனித்தனியாக இதைப் பயிராக்கியிருக்கிறார்கள் என்பது இன்று உறுதி. 1492ல் கொலம்பஸ் போன பிறகே மிளகாய், மக்காச்சோளம் மாதிரி இதுவும் கடல் கடந்தது. 'அவங்க சாப்பாடு' என்று நாம் சொல்கிற ராஜ்மா, வட இந்தியாவிலும் புதுக் குடித்தனம்தான்!

பூக்கும் நேரத்தில் வெயில் ஏறினால் ராஜ்மா பூவை உதிர்த்துவிடும். அதனால்தான் சமவெளியைவிட மலை அதற்குப் பிடித்தது. ஜம்முவில் பதர்வா, உத்தராகண்டில் முன்சியாரி, ஹர்சில், சக்ராதா என்று ஊர்ப் பெயரோடு விற்கிறார்கள். முன்சியாரி, பதர்வா ராஜ்மாக்களுக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஹர்சில் சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் கங்கோத்ரி வழியில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பிரெடரிக் வில்சன் என்ற வெள்ளைக்காரர் அங்கே தேவதாரு வெட்டிப் பெரும் பணக்காரரானார். ஆப்பிளோடு ராஜ்மாவையும் கொண்டுவந்தவர் அவர்தான் என்று அங்கே சொல்வார்கள்.

எங்கள் கிளையில் டெஹ்ரி பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவர் ஊரில் 'பாராநாஜா' என்று ஒரு முறை. பன்னிரண்டு தானியம் என்று பொருள். ஒரே வயலில் மண்டுவா, ராம்தானா, ராஜ்மா, கஹத், லோபியா எல்லாம் கலந்து விதைப்பார்கள். மண்டுவா என்பது நம் கேழ்வரகு. கஹத் நம் கொள்ளு. லோபியா தட்டைப்பயறு. கேட்டபோது எனக்குத் தர்மபுரிக் கொல்லையே கண்ணில் தெரிந்தது. மெக்சிகோக்காரர்கள் மக்காச்சோளத் தட்டையில் பீன்ஸ் கொடியை ஏற்றுகிறார்கள். யாரும் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை, ஆனால் மூன்று இடத்திலும் இதே ஏற்பாடு. பயறு காற்றிலிருந்து தழைச்சத்தை மண்ணுக்கு இழுக்கிறது, தானியம் கொடிக்குக் கொம்பாக நிற்கிறது. ஒன்று போனால் இன்னொன்று வீட்டைக் காப்பாற்றும்.

இந்தப் பாராநாஜாவும் 1980களில் அழியப் பார்த்தது. சோயாவும் உரமும் வந்து பழைய விதைகள் காணாமல் போக ஆரம்பித்தன. டெஹ்ரியில் விஜய் ஜர்தாரியும் அவர் கூட்டாளிகளும் 'பீஜ் பச்சாவ் ஆந்தோலன்', அதாவது விதை காக்கும் இயக்கம், தொடங்கி ஊர் ஊராக நடந்து விதை சேர்த்தார்கள். சேர்த்ததில் ராஜ்மா ரகங்களே ஏராளம். அமெரிக்காவிலிருந்து வந்த பயறைத் தங்கள் சொத்தாக நினைத்து அந்த மலை ஜனங்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். நாம் மூவாயிரம் வருஷத்து மொச்சையை என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். ஊரில் கொல்லையை விற்றாகிவிட்டது. அம்மா வைத்திருந்த மொச்சை விதை இப்போது இரண்டே இடத்தில் இருக்கிறது: ஊரில் பெரியம்மா வீட்டுப் பந்தலில், இங்கே என் வாடகை வீட்டுப் பின்பக்கத்தில். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும் உத்தியோகம். ஒரு பருவம் விதைக்காமல் விட்டால் முளைப்பு குறையும், இரண்டு மூன்று விட்டால் பாதிக்கு மேல் போய்விடும். நகை மாதிரி லாக்கரில் வைத்துக் காப்பாற்ற முடியாத சொத்து.

இங்கே ஜூலையில் மழை பிடித்ததும் ஊன்றுகிறேன். டேராடூனில் குளிர்காலப் பகல் நம்மூரைவிடக் குட்டை, அதனால் ஐப்பசியிலேயே பூத்துவிடும். கடும் பனிக்கு முன் காய் முற்ற வேண்டும், அதுதான் போட்டி. காயைக் கொடியிலேயே காய விட்டு, நகத்தால் அழுத்தினால் தடம் விழாத பருவத்தில் பறிக்க வேண்டும். விதைக்கு என்று எடுப்பதைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்தால் வண்டு அண்டாது, அம்மா சொன்ன முறை. செம்மண் கிடைக்காத ஊரில் அடுப்புச் சாம்பல். போன வருஷம் ஆறு கொடியில் ஒண்ணேகால் கிலோ. அதில் ஒரு கைப்பிடி விதைக்கு, மீதி குழம்புக்கு.

சமையலில் ஒரு விஷயம். புதிதாகக் காய்ந்த பயறு சீக்கிரம் வேகும். கடையில் வருஷக்கணக்காகக் கிடந்தது கல் மாதிரி நிற்கும். டூன் பள்ளத்தாக்குத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், வேக இன்னும் நேரம் பிடிக்கும். இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் வேகவையுங்கள். சிவப்பு ராஜ்மாவை ஒருபோதும் அரைவேக்காட்டில் இறக்காதீர்கள். அதில் உள்ள ஒரு நச்சு வயிற்றைப் புரட்டி எடுக்கும். குறைந்தது பத்து நிமிஷம் தளதளவென்று கொதித்தால்தான் அது போகும். சூடு குறைவாக வைத்து மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம் இதற்கு ஆகாது. குக்கர் உத்தமம்.

தங்கமணி இப்போது மொச்சைக் குழம்பைக் கத்தரிக்காய் போட்டு, புளியைக் கொஞ்சம் குறைத்து வைக்கிறார். பையன் அதைச் சோற்றில் பிசைந்து "ராஜ்மா மாதிரியே இருக்கு" என்றான். முதலில் எனக்குச் சுருக்கென்றது. யோசித்தால், அதுவும் ஒரு வழிதான், சாப்பிட்டால் சரி :-)

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முறுக்கு, ஊறுகாயோடு ஒரு கைப்பிடி விதையும் கேட்டு வாங்கி வாருங்கள். கடை மொச்சையும் முளைக்கும்தான். ஆனால் வீட்டு விதை என்றால் அது யார் கொல்லையில், எந்தப் பட்டத்தில், எத்தனை தலைமுறையாகக் காய்த்தது என்று சொல்ல ஊரில் ஒரு பெரியம்மாவாவது இருப்பார். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பி.கு.: டேராடூன், ஹரித்வார் பக்கம் இருப்பவர்கள் யாருக்காவது விதை வேண்டுமென்றால் சொல்லுங்கள். எனக்கு மாற்றல் வருவதற்கு முன் இன்னும் நாலு வீட்டிலாவது இந்தக் கொடி ஏறிவிட்டால் நிம்மதி.