ரொட்டியை விட்ட சவப்பெட்டிக்காரர்

1862 ஆகஸ்ட் மாதம். லண்டனில் ஒரு பெரியவர் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குகிறார். நேராக இறங்கினால் முட்டியும் கணுக்காலும் எடையைத் தாங்காது. குனிந்து ஷூ லேஸ் கட்டவும் முடியாது. வயது 65, உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 202 பவுண்டு. நம் கணக்கில் கிட்டத்தட்ட 92 கிலோ.

பெயர் வில்லியம் பேண்டிங். அரச குடும்பத்துக்கே இறுதிச் சடங்குகளை ஏற்பாடு செய்துகொடுத்த குடும்பம் அவருடையது. 1852இல் வெலிங்டன் பிரபுவின் இறுதி ஊர்வலத்தை நடத்தியது இவர்கள் நிறுவனம்தான். பணத்துக்குக் குறைவில்லை, டாக்டர்களுக்கும் குறைவில்லை. ஒருவர் படகு வலிக்கச் சொன்னார். வலித்தார். உடம்பில் தெம்பு வந்தது, கூடவே அகோரப் பசியும் வந்தது. (ஜிம்மில் சேர்ந்த முதல் மாதம் இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு இது புரியும்.) துருக்கிக் குளியல் 90 வரை எடுத்துப் பார்த்தார். குறைந்தது 6 பவுண்டு. தெருவிலும் வண்டியிலும் ஜனங்கள் செய்த கேலிக்குப் பயந்தே வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார்.

கடைசியில் காது சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு காது டாக்டரிடம் போனார். அவர் பெயர் வில்லியம் ஹார்வி. ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்த ஹார்வி இல்லை, அவர் இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஆள். இந்த ஹார்வி பாரிஸுக்குப் போய், கல்லீரலுக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி க்ளோத் பெர்னார் பேசியதைக் கேட்டுவந்தவர். மாவும் சர்க்கரையும் கொடுத்துத்தானே ஆடு மாடுகளைக் கொழுக்க வைக்கிறோம், அதை மனுஷனுக்கு நிறுத்தினால் என்ன என்று யோசித்தார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் விடச் சொன்னார்.

பேண்டிங் அதுவரை சாப்பிட்டதே பெரும்பாலும் அவைதான். இப்போது காலையில் 4, 5 அவுன்ஸ் கறி அல்லது மீன், சர்க்கரையும் பாலும் இல்லாத டீ. மதியம் திரும்பவும் மீன், கறி, கிழங்கு தவிர்த்த காய்கள், கூடவே இரண்டு மூன்று கிளாஸ் ஒயின். ராத்திரி மறுபடி கறி, மறுபடி ஒயின். தேவைப்பட்டால் படுக்கப்போகும்முன் சர்க்கரை சேர்க்காத ஜின். ரொட்டி ஒரு வேளைக்கு ஓர் அவுன்ஸ், அதுவும் வெண்ணெய் தடவாத டோஸ்ட்.

சில வாரங்களுக்கு ஒருமுறை எடை பார்த்துத் தேதியோடு குறித்துவைத்தார். ஒரு மென்பொருள்காரனாக எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். ஒரு வருடத்தில் 202இலிருந்து 156. இடுப்பு 12¼ அங்குலம் குறைந்தது. 1863இல் இதையெல்லாம் சிறு நூலாக அச்சடித்து முதலில் இலவசமாகவே கொடுத்தார். அவர் பெயரே வினைச்சொல் ஆகிவிட்டது. ஸ்வீடிஷ் மொழியில் டயட் இருப்பதற்கு இன்றைக்கும் ‘பாந்தா’ என்றுதான் சொல்கிறார்கள்.

கார்ப் குறைந்ததால் மெலிந்தாரா, மொத்தச் சாப்பாடே குறைந்ததாலா? 2018இல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கார்பையும் மறு பாதிக்குக் கொழுப்பையும் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு தரப்பும் இழந்த எடையில் பெரிய வித்தியாசம் இல்லை.

என்னை உறுத்துவது வேறு விஷயம். பேண்டிங் டோஸ்ட்டை எடைபோட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில், அதே இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயரில் பஞ்சுப் பஞ்சம். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று, மில்கள் மூடிக்கிடந்தன. 1862 கடைசியில் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் நிவாரணத்தில் வயிறு கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துவர எட்வர்ட் ஸ்மித் என்ற டாக்டரை அரசு அனுப்பியது. பட்டினி நோய் வராமல் தடுக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு உணவு வேண்டும் என்பதுதான் கேள்வி. அவர் கார்பனையும் நைட்ரஜனையும் வைத்துக் கணக்குப் போட்டார். கார்போஹைட்ரேட்டில் இருக்கிற அதே கார்பன்தான். பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 3,900 கிரெயின் கார்பன், 180 கிரெயின் நைட்ரஜன். ஆணுக்கு 4,300, 200. பெண்ணுக்கான அளவு சுமார் 2 பவுண்டு நல்ல கோதுமை ரொட்டிக்குச் சமம் என்றார். அதாவது 32 அவுன்ஸ்.

லண்டனில் ஓர் அவுன்ஸுக்கு மேல் ஆபத்து. லங்காஷயரில் 32க்குக் கீழே போனால் ஆபத்து. ரொட்டிக்குப் பதிலாக வைக்கக் கறி இருந்தவர் ரொட்டியை விட்டார். இத்தனைக்கும் தானிய இறக்குமதிக்கு இருந்த வரித் தடைகளை எடுத்து, ரொட்டி மலிவாக வழிசெய்ய வேண்டும் என்று அந்த நாடே சண்டை போட்டு ஜெயித்தது 1846இல்தான். பதினாறே வருஷம்.

இரண்டு வருடம் முன்பு ஆபீஸ் மெடிக்கல் கேம்பில் என் சர்க்கரை ‘பார்டர்’ என்றார்கள். நானும் பேலியோவுக்கு மாறினேன். காலையில் 100 பாதாம். அம்மா ஒருநாள் அதன் விலையைக் கேட்டுவிட்டு, ரெண்டு கிலோ அரிசி வாங்கலாமே என்றாள். கோவில்பட்டிப் பக்கம், கரிசல்காட்டில் பிறந்தவள். “நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான்டா பார்த்தோம். உனக்கு வேணாமா?” என்றாள். கோபமாகக்கூட இல்லை. அவள் ஊரில் விளைந்தது கம்பும் சோளமும் பருத்தியும். லங்காஷயரில் மில்கள் நின்றபோது, இந்தியப் பருத்திக்குத்தான் விலை எகிறியது.

எனக்கு ஒன்பது கிலோ குறைந்தது. சர்க்கரையும் இறங்கியது, அதை மறைக்க மாட்டேன். மதியம் மட்டும் ஒரு கரண்டி சோறு சேர்த்துக்கொள்கிறேன். அம்மா அது ஒரு கரண்டிதான் என்பாள். தட்டில் இருப்பது எப்போதும் இரண்டு.

1862 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். பேண்டிங்கின் குறிப்பில் எடை 184 பவுண்டு.