ரொட்டி கிடைக்காத குளிர்காலம்

சீலியாக் நோயைப் பலர் "கோதுமை அலர்ஜி" என்றே சொல்கிறார்கள். அலர்ஜியென்றால் தின்ற சிறிது நேரத்தில் உடம்பு தடிக்கும், மூச்சு முட்டும். அப்படி ஒன்றும் ஆகாததால் "கொஞ்சம்தானே, சாப்பிடட்டும்" என்கிறார்கள். சீலியாக்கில் கோதுமையிலுள்ள குளூட்டன் போனால், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே சத்தமில்லாமல் சிதைக்கும்.

1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ நோயை விவரித்தார். 1924இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் ரொட்டியை நிறுத்தி, வாழைப்பழம் கொடுத்துக் குழந்தைகளைத் தேற்றினார். பெருமையெல்லாம் வாழைப்பழத்துக்கே போயிற்று!

ஹாலந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கேக்கு ரொட்டி மேல் முன்பே சந்தேகம். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி அரிதாயிற்று. ஊரே பட்டினியில் வாட, இந்தக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி வந்ததும் நோயும் வந்தது. 1950இல் தன் ஆய்வேட்டில் கோதுமையைக் குற்றவாளியாக நிறுத்தினார் டிக்கே.