கிழக்கிலங்கையில் பத்திரிகைத் தாளின் மறுபயன்பாடு: மூதூர் – வாழைச்சேனைக் கரையோரத்தின் அனுபவம்

பத்திரிகை விநியோகத்தில் கழிவு இரண்டு வழிகளில் சேர்கிறது: முகவரிடம் விற்காமல் தேங்கும் பிரதிகள், வாசித்து முடித்த வீட்டுப் பிரதிகள். இவை மறுபடியும் தாளாக வேண்டுமானால் சேகரிப்பு, போக்குவரத்து, ஆலை ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் அமைய வேண்டும். மூதூரும் வாழைச்சேனைக் காகித ஆலையும் ஒரே கரையோர வீதியில் இருந்தும் இம்மூன்றும் நெடுங்காலம் ஒன்றுகூடவில்லை.

தமிழ் நாளிதழ்களான வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் கொழும்பில் தொடங்கின; ஆனால் அங்கிருந்து மூதூரை எட்டுவது எளிதாக இருக்கவில்லை. கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூரைத் திருகோணமலை நகரிலிருந்து அடைய, கடல்வழியே படகில் செல்ல வேண்டியிருந்தது; தரைவழியிலோ ‘பாதை’ எனப்படும் மிதவைகளில் ஆறுகளையும் களப்புகளையும் கடக்க வேண்டியிருந்தது. இத்தகைய ஊர்களிலிருந்து பழைய தாளைத் திருப்பி அனுப்பும் செலவு அதன் பெறுமதியை எளிதில் விஞ்சிவிடும். ஆகவே உள்ளூர்க் கடையே அதன் இயல்பான போக்கிடமாயிற்று. கடலைக்கும் பருப்புக்கும் சரை சுற்றவும் பை ஒட்டவும் பழைய பத்திரிகை பயன்பட்டது. 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் பொலித்தீன் பெருகி இவ்வழக்கத்தைச் சுருக்கியது. 2017இல் பொலித்தீன் உணவுத்தாள்கள் தடைசெய்யப்பட்டபோது காகிதம் மீண்டும் கவனம் பெற்றது. எனினும் அச்சு மையிலுள்ள எண்ணெய்ப் பொருள்கள் உணவில் கலக்கக்கூடும் என்பதால், பலகாரம் சுற்ற அச்சிட்ட தாள் ஏற்றதன்று.

ஆலைவழி மீள்சுழற்சிக்கான வாய்ப்பு 1956இல் வாழைச்சேனையில் பிறந்தது. அரசுக்குரிய அந்த ஆலை வயல்களில் மிஞ்சும் வைக்கோலை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டது, கழிவுத்தாளையும் பயன்படுத்தியது. வைக்கோலில் சிலிக்கா மிகுதி. அதனால் கூழ் காய்ச்சிய கழிவுநீரிலிருந்து இரசாயனங்களை மீட்பது கடினம். செலவும் மாசும் கூடும். கழிவுத்தாளில் இச்சிக்கல் குறைவு. அதை நீரில் கரைத்து, சோப்பும் காற்றுக் குமிழிகளும் கொண்டு மையை நுரையோடு அகற்றலாம். ஒவ்வொரு சுழற்சியிலும் நார் குறுகுவதால், தேய்ந்த நார் அட்டைக்கும் முட்டைத் தட்டுக்கும் செல்கிறது. தமிழ்நாட்டில் 1979இல் நிறுவப்பட்ட செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையில் தொடங்கி, பின்னர் மை நீக்கும் பிரிவையும் சேர்த்துக்கொண்டது.

வாழைச்சேனையில் இத்தகைய வளர்ச்சி நிகழவில்லை. உள்நாட்டுப் போர் கிழக்கின் போக்குவரத்தையும் தொழிலையும் முடக்கியது. ஆலை நலிந்து நின்றது. 2006 ஆகஸ்ட் மோதல்களில் மூதூர் மக்களே இடம்பெயர்ந்தனர். 2009 அக்டோபரில் கிண்ணியாப் பாலமும், தொடர்ந்து கரையோர வீதியின் பிற பாலங்களும் திறக்கப்பட்டுப் பாதைகளின் தடை நீங்கியபோது, ஆலை இயக்கத்தில் இல்லை. 2021இல் அது கழிவுத்தாளைக் கொண்டு மீண்டும் இயங்கத் தொடங்கியது.

மறு ஆண்டே அதன் தேவை வெளிப்பட்டது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் அச்சுத்தாள் கிடைக்காமல், 2022 மார்ச் இறுதியில் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய நாளிதழ்கள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன.

தாளை இறக்குமதி செய்யும் நாட்டில் விற்காத ஒவ்வொரு பிரதியும் செலாவணி இழப்பாகும். எனவே குறைத்தலே முதற்பணி. விற்பனையையும் மிச்சத்தையும் முகவர் நாள்தோறும் அறிவித்தால், அச்சகம் அனுப்பும் எண்ணிக்கையைத் திருத்தலாம். எஞ்சுவதை நனையாமல், பொலித்தீன் உறையும் பளபளப்பு அட்டையும் நீக்கிக் கட்ட வேண்டும். சிற்றூரின் சிறிய கட்டுகளைப் பிரதேச சபை ஓரிடத்தில் திரட்டினால்தான் பாரவண்டிக் கூலி கட்டுப்படியாகும். வீதியும் ஆலையும் அமைந்த நிலையில், எஞ்சியிருப்பது இந்தச் சேகரிப்பு ஒழுங்கே.