புசல்லாவைத் தோட்டங்களின் உணவு: அரிசி, கோதுமை மா, கடைத் தீனி

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ5 வீதியில் உள்ள மலையகச் சிறுநகரம் புசல்லாவை. கண்டி மாவட்டத்தைச் சேர்ந்தது. சுற்றியுள்ள தோட்டங்களில் முதன்மையானது, 1840களில் வோர்ம்ஸ் சகோதரர்கள் உருவாக்கிய ரொத்சைல்ட் தோட்டம்.

கோப்பிக் காலத்தில் திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து வந்தவர்களுள் பலர் ஊரில் கேழ்வரகும் கம்பும் உண்டவர்கள். தோட்டத்தில் கிடைத்ததோ கப்பலில் வந்த அரிசி. நிர்வாகமே அதை வழங்கி, விலையைச் சம்பளத்தில் கழித்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அந்த விலைக்கு வரம்பு விதித்தது. 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனதும் அரிசி வரத்து முடங்கியது. பங்கீட்டில் கோதுமை மா நுழைந்தது. போருக்குப் பின் அமெரிக்க உதவி மாவும் வந்தது. 1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1980இல் திருகோணமலையில் பிரீமா மாவாலை இயங்கத் தொடங்கிய பிறகு மா எங்கும் தாராளமாகப் பரவியது. விடியலில் பிரட்டுக்கு (பெயர் பதியும் காலை அணிவகுப்புக்கு) போகவேண்டிய பெண்ணுக்கு ரொட்டி சீக்கிரம் வேகும். மலைக்கும் கட்டிக்கொண்டு போகலாம். ஆகவே ரொட்டியும் சம்பலும் தொழிலாளர் விரும்பித் தேர்ந்த உணவு அல்ல, பங்கீடும் வேலை நேரமும் திணித்த உணவு.

இன்றைய இளையோரின் கொத்து, ரோல்ஸ், பணிஸ் மோகமும் இதே மாவின் தொடர்ச்சிதான்; சோடாவும் அதோடு சேர்கிறது. வெள்ளை மா விரைவில் செரித்து மீண்டும் பசியைத் தூண்டும். கொழுப்பும் உப்பும் சேர்ந்தால் கை நிற்காது. 2019இல் அமெரிக்காவில் ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு 20 பேரிடம் நடத்திய ஆய்வில், ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவை உண்டபோது அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டனர். எனவே ஆசையை மன உறுதியால் மட்டும் அடக்கச் சொல்வது நியாயமன்று. வெறுந்தேத்தண்ணியோடு வேலைக்குப் போகாமல் காலையில் அவித்த கடலை, பயறு அல்லது முட்டை உண்டால் பத்து மணிப் பசி தணியும். குரக்கன் (கேழ்வரகு) ரொட்டி, வல்லாரைச் சம்பல், முருங்கைக்கீரை, பலாக்காய் ஆகியவை இந்த மலைகளுக்குப் புதியவை அல்ல. பேராதனை அருகே கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் உணவகத்தில் பெண்கள் இத்தகைய உள்ளூர் உணவுகளைச் சமைத்து விற்கிறார்கள்.

2016 முதல் இலங்கையில் மென்பானங்களுக்குச் சீனி அளவைக் காட்டும் நிறக்குறி கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. பிள்ளைகளுக்குச் சோடா வாங்குவோர் முதலில் அந்தக் குறியைப் பார்க்க வேண்டும்.