அரபுப் பெயர் சுமந்த மாட்டுத் தீவனம்

மாடு வளர்ப்போர் பேசும் "அல்ஃபால்ஃபா" ஸ்பானியச் சொல் என்றே உலகம் அறியும். அதன் மூலம் "அல்ஃபஸ்ஃபஸா" என்ற அரபுச் சொல். தமிழில் குதிரைமசால்.

இந்த அவரையினப் பயிர் தாரியூஸ் மன்னரின் போர்க்காலத்தில் மீதியாவிலிருந்து கிரேக்கத்துக்கு வந்ததாக உரோம எழுத்தாளர் பிளினி எழுதியுள்ளார். பின்னர் அரபியர் அதை ஸ்பெயினில் பயிரிட்டனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். 1850களில் அது சிலியிலிருந்து கலிபோர்னியாவை அடைந்தது.

வழிநெடுகிலும் வறண்ட, வெயில் காயும் நிலங்கள். எப்படித் தாக்குப்பிடித்தது?

வெப்பம் மட்டும் என்றால் செடி இலைவாய்களைத் திறந்து, ஆவியுயிர்ப்பால் தன்னைக் குளிர்விக்கும். வறட்சி மட்டும் என்றால் அவற்றை மூடி நீரைக் காக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் இக்கட்டுத்தான்: மூடினால் இலை சூடேறும், திறந்தால் உள்ள நீரும் போய்விடும். வேர்ச் சிறுகணுக்களில் நைதரசன் பதித்தலும் குன்றும்.

அந்த வேளையில் அல்ஃபால்ஃபா வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மேலே காய்ந்தாலும், பல மீற்றர் ஆழம் செல்லும் ஆணிவேரில் சேமித்த உணவோடு அடிக்கட்டை உயிர்வாழும். மழை வந்ததும் தளிர்க்கும்.

நாம் பிழைவிடும் இடம் இதுதான். முதல் தளிரைக் கண்டதும் அறுத்தாலோ மாட்டை விட்டாலோ, வேரில் மிஞ்சிய சேமிப்பும் தீர்ந்து செடி நலிந்துவிடும். வெயிலையும் வறட்சியையும் ஒன்றாகத் தாங்கிய செடிக்குச் சில வார ஓய்வு கொடுப்போம். அடுத்த கோடைக்கும் நம் மாடுகளுக்குத் தீன் மிஞ்சும்.