ஒரு விசிடியின் ஜாதகம்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் சிடி கடைகள் போட்டி போட்டுக்கொண்டு பாட்டை அலறவிட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் கடைகளின் செல்லப்பிள்ளை விசிடி.

பிறந்தது 1993இல். பிலிப்ஸ், சோனி, மட்சுஷிதா, ஜேவிசி நான்கும் கூடி விதிமுறை வகுத்தன. மேல்நாட்டார் சட்டை செய்யவில்லை, ஆசியா வாரிக்கொண்டது. நம் புழுக்கத்தில் வீடியோ கேசட் பூஞ்சை பிடித்துப் போகும், சிடிக்கு அந்தத் தொல்லை குறைவு. பிளேயரும் மலிவு. ஒரே குறை, ஒரு சிடியில் சுமார் 74 நிமிடம்தான் அடங்கும். தமிழ்ப் படத்துக்கு இரண்டு வேண்டும், நீளமான படமென்றால் மூன்று. சண்டை உச்சத்தில் இருக்கும்போது யாராவது எழுந்து போய் மாற்றிப் போட வேண்டும்.

இரண்டு மூன்றாகப் பிரிந்ததால்தான் தாமான் வீடுகளில் இந்தப் பேச்சு:

“அக்கா, அந்தப் படம் இருக்கா?”

“ரெண்டாவது சிடிதான் இருக்கு லா. முதல் சிடி எதிர்வீட்டுல.”

இரவல் போய்த் திரும்பும் சிடியில் கீறல் இல்லாமல் இருக்காது. படம் கட்டம் கட்டமாக உடையும், நாயகி வாயைத் திறந்தபடி நிற்பாள். பற்பசை தடவித் துடைப்பார்கள். சில நேரம் பலிக்கும். எல்லாரும் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைத்தார்கள். உண்மையில் உயிர் இருந்தது மேல்பக்கத்தில். பாலிகார்பனேட்டை உருக்கி அச்சில் வார்த்து, அலுமினியம் பூசி, அதன்மேல் மெல்லிய வார்னிஷ் மட்டும் அடித்து, ஹீரோ முகத்தை அச்சிட்டிருப்பார்கள். அந்த முகத்தில் ஆழமாகக் கீறினால் பற்பசையும் காப்பாற்றாது.

பாசார் மாலாமில் திருட்டு சிடி கொட்டிக் கிடந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் சிடி தயாரிக்க உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 2003 முதல் அசல் சிடிக்கு ஹோலோகிராம் ஒட்டச் சொன்னார்கள். 2007இல் லக்கி, ஃப்ளோ என்று இரண்டு லாப்ரடார் நாய்களே வந்திறங்கின. ஜொகூர் பாருவில் அவை மோப்பம் பிடித்ததில் பெரிய பதுக்கல் சிக்கியது. நாய்களின் தலைக்கு விலை வைத்திருப்பதாகவும் செய்தி வந்தது. வேடிக்கை என்னவென்றால், அவற்றுக்குத் தெரிந்தது பிளாஸ்டிக் வாசனை மட்டுமே. அசலும் நகலும் அவற்றுக்கு ஒன்றுதான். வாங்கிய நம்மில் பலரும் அப்படித்தான் இருந்தோம். சென்னைப் படத்துக்கு உலகமே சந்தை, தாங்கிக்கொண்டது. இந்த மண்ணில் தமிழ்ப் படம் எடுத்தவர்களுக்கு இந்த நாட்டை விட்டால் வேறு கதியில்லை; அடி அவர்களுக்குத்தான் பலம் என்பேன்.

பிறகு டிவிடி, ஆஸ்ட்ரோ, யூடியூப். 2016இல் நெட்பிளிக்ஸும் வந்தது. இப்போதைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் சிடி போட இடமே கிடையாது.

ஆனால் அலமாரியில் கல்யாண சிடி இருக்கிறதே! கடையில் வாங்கிய படம் அச்சில் வார்த்தது, இன்றும் ஓடலாம். கல்யாண சிடி சாயத்தில் லேசர் எழுதியது. வெயிலும் ஈரமும் சேர்ந்தால் சாயம் வெளுக்கும். பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளியே வரும், முதலில் பழுதாவது பெரும்பாலும் வெளி ஓரம். அதனால் பெண்ணழைப்பு ஓடும், தாலி கட்டும்போது நின்றுவிடும். பென்டிரைவில் ஏற்றக் கொடுப்பவர்கள் ஒரு கடையில் முடியாது என்றதும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பதுண்டு.